தலைக்கட்டு வரியும் கைம்பெண்ணின் காணிக்கையும்

பொதுநிதிப் பொருளியலை முதுகலை வகுப்பில் படிக்க வருகிறவர் தொடக்கத்திலேயே பொருளியலாளர் பால் சாமுவேல்சனைச் சந்தித்துவிடுவார். 1954-இல் வந்த அவருடைய மூன்றே பக்கக் கட்டுரையின் வாதம் இது. தெருவிளக்கின் வெளிச்சம் பணம் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. ஆகவே தமக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை என்று காட்டிக்கொண்டு, செலவை அடுத்தவர் தலையில் கட்டவே ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். வரி கட்டாயமாக இருப்பதற்கு நியாயம் இதுவே என்று வகுப்பு முடிவு செய்யும். யார் எவ்வளவு தருவது என்று கேட்டால் மட்டும் குரல் தாழும். ஒருவரின் இழப்பை இன்னொருவரின் இழப்போடு ஒப்பிட அறிவியலில் இடமில்லை என்று பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் 1932-இல் எழுதினார். அதற்குப் பிறகு இக்கேள்வியை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுவது வழக்கமாயிற்று. அப்படி ஒதுக்கப்பட்ட கேள்வியே பாடத்தின் முதல் கேள்வி என்பது என் துணிபு.

அரியலூர் மாவட்டத்தில், முந்திரிக்காடுகளுக்கு நடுவே, கத்தோலிக்கர் நிறைந்து வாழும் வரதராஜன்பேட்டை போன்ற ஊரில் வைத்து இக்கேள்வியைப் பார்க்கலாம். கோயிலோ மாதா கோயிலோ, திருவிழா என்றால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். தேரும் வாணவேடிக்கையும் வரி கொடுக்காதவர் கண்ணுக்கும்தான் தெரியும். இருந்தும் கொடுக்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது தம் பெயர் விட்டுப்போவதை எவரும் பொறுப்பதில்லை. சாமுவேல்சன் கண்ட தன்னலம் பொய்யில்லை, ஆனால் மனித இயல்பு அதோடு முடிந்துவிடவில்லை. அதே வரியில் ஓர் அநீதியும் உண்டு. தோப்புக்காரருக்கும், அந்தத் தோப்பின் முந்திரிக்கொட்டையை உடைத்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைக்க வேண்டும். தோப்புக்காரருக்குக் கைச்செலவாக இருக்கும் தொகை அந்தக் கைக்குச் சில நாள் கூலி. சில ஊர்களில் கைம்பெண்களுக்கு அரை வரி என்று வைத்திருப்பது இதை உணர்ந்துதான்.

மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரம் இந்த இடத்தில் வகுப்பறைக்கே வரவேண்டியது. எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியில் செல்வர்கள் நிறையப் போடுகிறார்கள். ஏழைக் கைம்பெண் ஒருவர் இரண்டு செப்புக்காசு போடுகிறார். எல்லாரையும்விட அதிகம் போட்டவர் அவரே என்கிறார் இயேசு. போட்டது எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை, போட்டபின் கையில் என்ன மிஞ்சியது என்று பார்த்தார். வரியில் சமத்துவம் என்பது தியாகத்தில் சமத்துவம் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-இல் எழுதியதும் இதே அளவுகோல்தான். ராபின்ஸ் இயலாது என்ற ஒப்பீட்டை நற்செய்தி செய்கிறது. அரை வரி போடும் ஊர்ப் பெரியவர்களும் செய்கிறார்கள். இதை வெறும் காணிக்கைப் புகழ்ச்சியாக வாசிப்பவர்கள் சற்று முன்னால் வரும் வரிகளைத் தாண்டிவிடுகிறார்கள். கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களைக் கண்டித்த கையோடுதான் இந்தக் காட்சி வருகிறது. கொடுப்பவரின் மனத்தோடு, வாங்குபவரின் யோக்கியதையும் அங்கே விசாரிக்கப்படுகிறது.

சம வரிதான் சம மரியாதை, குறைத்து வாங்கினால் அந்தப் பெண்ணைக் கையேந்துபவராக்கிவிடுவோம் என்று ஒரு மறுப்பு உண்டு. வலுவான மறுப்பு. திருவிழாவுக்குத் தலித்துகளிடம் வரி வாங்க மறுத்த ஊர்களில், எங்கள் வரியையும் வாங்குங்கள் என்று அவர்கள் போராடியதை நாம் அறிவோம்; வரி கொடுப்பது ஊரில் ஒருவராக இருப்பதற்கான உரிமை. ஆனால் அந்த உரிமைக்குத் தொகை ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இரண்டு காசு போட்டவரை இயேசு தடுக்கவில்லை, விலக்கும் அளிக்கவில்லை, முதலிடத்தில் வைத்தார். அரசு என்பது ஊர்க்கூட்டம் அல்ல, முகம் தெரியாத கோடிப் பேரிடம் மனச்சாட்சியை நம்பி வசூலிக்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. கட்டாயம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டாயம் இருக்கும் இடத்தில்தான் அளவுகோல் இன்னும் சரியாக இருக்க வேண்டும். 2017 ஜூலை 1 முதல், கொட்டை உடைக்கும் பெண் வாங்கும் சோப்புக்கும் தோப்புக்காரர் வாங்கும் அதே சோப்புக்கும் ஒரே ஜி.எஸ்.டி. தலைக்கட்டு வரியாவது அந்தப் பெண்ணின் பெயரை நோட்டில் எழுதி, கூட்டத்தில் வாசித்தது. இந்த வரியில் அதுவும் இல்லை. வரி கட்டுபவர்களின் பணம் வீணாகிறது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வருமான வரி கட்டுகிறவர்களை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள். இலவச அரிசிக்கு வரிசையில் நிற்கும் அந்தப் பெண்ணும் வரி கட்டியவர் என்று யாரும் எண்ணுவதில்லை.