செங்கல்லில் ஒரு கை

கோட்டைக்கு வைத்த பெயர் நிலைத்துவிடுகிறது. கோட்டைக்குக் கல் சுமந்தவர் பெயர் காற்றோடு போய்விடுகிறது.

மலேசியாவின் புக்கிட் தெங்காவிலிருந்து பட்டர்வொர்த் போய்ப் பெர்ரி ஏறினால், அக்கரையில் இறங்கி நடக்கும் தூரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் வெறும் மரவேலியாகத் தொடங்கியது. பிறகு 1804 வாக்கில் கல்லும் செங்கல்லுமாக எழுந்தது, இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகளின் உழைப்பில். பெயர் மட்டும் வங்காளத்தில் இருந்த தலைமை ஆளுநருடையது.

போருக்கென்று கட்டினார்கள், ஒரு போரும் அதன் வாசலுக்கு வரவில்லை. அங்குள்ள ஸ்ரீ ரம்பை பீரங்கி 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் அதன் வாயில் பூ வைத்தார்கள். உயிரை எடுக்க வார்த்த வெண்கலத்திடமும் உயிரைக் கேட்கத் தெரிந்தது மனித மனம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில், போர்த்துகீசியர் 1482இல் எழுப்பிய எல்மினா கோட்டையும் கடலைப் பார்த்தே நிற்கிறது. மேல்மாடியில் ஆளுநரின் காற்றோட்டமான அறை. அடித்தளத்தில் அடிமைகளை அடைத்த இருட்டறை. இரண்டையும் தாங்குவது ஒரே சுவர்தான்.

பழைய மதில் முன்னால் நின்று படம் எடுக்கலாம், தவறில்லை. எடுக்குமுன் ஒரு செங்கல்லின் மேல் கை வையுங்கள். உள்ளங்கை சுட்டால், இதே வெயிலில் அதை அங்கே அடுக்கிய கை ஒரு கணம் நினைவுக்கு வரட்டும்.