விதி யார் கையில்?

சட்டதிட்டமும் விதி, தலையெழுத்தும் விதி. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். அதன் பொருத்தம் சென்ற ஆண்டு அமெரிக்காவில் ஒரு சாப்பாட்டு மேஜையின் முன்னால்தான் எனக்கு உறைத்தது.

மில்வாக்கி நகரில் என் தங்கை மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மாலையானால் அவனுடைய சிநேகிதர்கள் வந்துவிடுவார்கள். மந்திரவாதி, வில்லாளி என்று ஆளுக்கொரு வேடம். நடுவர் கதையைச் சொல்லிக்கொண்டு போவார், மற்றவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள், பகடை உருளும். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் 1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக வெளிவந்த ஆட்டம் அது. மறு ஆண்டே கென் செயின்ட் ஆண்ட்ரே என்பவர், அதன் விதிகள் குழப்புகின்றன என்று எளிமையான வேறோர் ஆட்டத்தை எழுதினார். தடித்த புத்தகமா, நாலு பக்கத் தாளா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை.

"மாமா, நீங்கள் கதாசிரியர். இன்று நீங்களே நடுவர்" என்றான் தங்கை மகன். நான் நாலு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். கதை சொல்லத் தெரிந்தவனுக்கு விதி எதற்கு என்ற மமதைதான், வேறென்ன?

வழியில் ஒரு பாறைப் பிளவு. வாய்ச் சாமர்த்தியமுள்ள ஓர் இளைஞன், கொடியைப் பற்றி ஆடித் தாண்டுவதை அழகாக வர்ணித்தான். மகிழ்ந்து அக்கரை சேர்த்தேன். அடுத்தவன் அதிகம் பேசாத கல்லூரி மாணவன். "தாண்டுகிறேன்" என்றான், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு வீழ்ச்சி இருந்தால் கதைக்கு நல்லது என்று எனக்குப் பட்டது. பகடையைக்கூட உருட்டச் சொல்லாமல் விழச் செய்துவிட்டேன்.

"நான் ஏன் விழுந்தேன்?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை.

முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பேரைக் கிணற்றிலும் ஆற்றிலும் தள்ளியவன் நான். அவர்களில் ஒருவரும் எதிரே உட்கார்ந்து காரணம் கேட்டதில்லை!

பிரஷ்யப் படையிலும் இந்தச் சங்கடம் இருந்தது. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி போர்ப் பயிற்சிக்காக வகுத்த ஆட்டத்தில் கணக்கும் அட்டவணையும் மிகுதி. அதில் அலுத்துப்போய், 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்பவர், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அந்த நடுவர் மேலதிகாரியாக இருந்துவிட்டால், 'ஏன்' என்று கேட்க எந்தச் சிப்பாய்க்கு நா எழும்?

அடுத்த சனிக்கிழமை தடித்த புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். 2014-ல் வந்த பதிப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பாலத்தில் நடந்த ஒரு சிறு சண்டைக்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புத்தகத்தை மனப்பாடம் செய்த ஒருவன் பக்க எண் சொல்லியே எல்லோரையும் அடக்கினான். இரண்டு முறை கொட்டாவி விட்டேன்.

பிறகு, வேண்டுமென்றே, மறுபடியும் ஒரு பிளவை வைத்தேன். அகலம் பன்னிரண்டு அடி. அந்த மாணவன் பக்கத்தைப் புரட்டினான். பத்தடி ஓடி வந்து தாண்டினால், வலிமை எண் எத்தனையோ அத்தனை அடி தாண்டலாம் என்று எழுதியிருந்தது. அவனுடைய எண் பதினான்கு.

என் அநுமதியை அவன் கேட்கவில்லை. தாண்டிவிட்டு, "அடுத்து என்ன?" என்றான்.