ஆணி அடிக்கும் உரிமை

வாடகை வீடு தேடி அலைந்த குடும்பங்கள் யாவும் அறிந்த நிபந்தனை ஒன்று உண்டு. முன்பணம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, தண்ணீர் வருவது இத்தனை மணிக்கு என்றெல்லாம் சொல்லி முடித்த பின்னர், வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று கடைசியாகச் சொல்வார்: "சுவரில் ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள்."

சில ஆண்டுகளுக்கு முன், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் புதிதாகக் குடிபுகுந்த வாடகை வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். பாடுபட்ட சுரூபம் சுவரில் இல்லை. அலமாரியின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நாம் பார்ப்பதைக் கண்ட அந்த அம்மையார், "சாமி, முந்தின வீட்டில் அடித்த நாலு ஆணிக்கு முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். இங்கே அடிக்கப் பயமாக இருக்கிறது" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்; ஆனால் கண்களில் சிரிப்பு இல்லை.

சுவர் வீட்டுக்காரருடையது, அதனுள் வாழும் வாழ்வோ அவர்களுடையது. தமக்கு உரிமையில்லாத ஒன்றில், தம் தேவைக்காக ஒருவர் எவ்வளவு துளையிடலாம்? இக்கேள்வி சிறியதன்று. உலகின் மறுகோடியில், பாறைகளில் ஏறுவதையே வாழ்வாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதனையே விவாதித்து வருகின்றனர். அவர்களுடைய வழக்கு நம் மனச்சான்றுக்கும் ஒரு பாடம் என்பது நம் எண்ணம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே எல் கேப்பிட்டன் என்னும் கருங்கற் பாறை ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக நிற்கிறது. அதில் ஏறுபவர் தவறி விழுந்தால் கயிறு தாங்க வேண்டும்; கயிற்றைத் தாங்கப் பாறையில் ஏதேனும் ஒரு பிடிமானம் வேண்டும். பாறையில் இயற்கையான பிளவு இருந்தால் அதனுள் இரும்பு ஆப்பை அறைந்து கயிற்றைக் கோக்கலாம். பிளவே இல்லாத வழுக்குப் பாறையாயின், சுத்தியலால் துளைக்கம்பியை அடித்துத் துளையிட்டு, அதில் ஆணியை இறுக்க வேண்டும். ஆப்பைப் பிடுங்கி எடுத்துவிடலாம்; துளையோ என்றும் மறையாது. வழக்கெல்லாம் இந்தத் துளையைப் பற்றியதே.

1958-ஆம் ஆண்டு, வாரன் ஹார்டிங் என்பவர் தம் தோழர்களுடன் அப்பாறையின் முகப்பில் முதன்முதலாக ஏறி முடித்தார். பல தவணைகளாக 47 நாள்கள் உழைத்து, ஏறக்குறைய 125 ஆணிகளை அவர்கள் அடித்திருந்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1961-இல், ராயல் ராபின்ஸ் என்பவர் இரு தோழர்களுடன் அதே பாறையின் வேறொரு பகுதியில் ஏறினார். அவர்கள் அடித்த ஆணிகள் 13 மட்டுமே. 'என்னால் ஏற முடிந்ததா?' என்பது ஹார்டிங்கின் கேள்வி. 'எவ்வாறு ஏறினேன்?' என்பது ராபின்ஸின் கேள்வி. இரண்டும் நேர்மையான கேள்விகளே; ஆயினும் ஒன்றல்ல.

1970-ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்டிங், டீன் கால்டுவெல் என்பவரோடு மீண்டும் எல் கேப்பிட்டனில் ஏறினார். இம்முறை அவர் தேர்ந்தது, காலைக் கதிர் முதலில் படுவதால் 'அதிகாலை ஒளிச் சுவர்' எனப் பெயர் பெற்ற பகுதி. 27 நாள்கள் அச்சுவரிலேயே தொங்கிக் கிடந்தனர். மழையும் பனியும் வாட்டின. மீட்க வந்தவர்களை வேண்டாவென்று திருப்பி அனுப்பினர். இறுதியில் உச்சியை அடைந்தபோது செய்தியாளர்கள் காத்திருந்தனர். ஆனால் பாறையில் அவர்கள் விட்டு வந்த துளைகள் முந்நூறு! ஏறுவோர் பலர் கொதித்தெழுந்தனர். இவ்வாறு துளையிட்டுக்கொண்டே போனால், ஏற இயலாத பாறை என்று உலகில் எதுவும் எஞ்சாதே என்பது அவர்களின் முறையீடு. அவர்கள் சொன்னதில் ஆழமான உண்மை உண்டு. இன்று நம்மால் இயலாதது நாளை பிறக்கும் ஒருவரால் இயலலாம். ஆணி அடிப்பவர் பாறையை மட்டும் துளைப்பதில்லை. இன்னும் பிறவாத அந்த ஒருவருக்கு உரிய வாய்ப்பையும் துளைத்துவிடுகிறார்.

1971-இல் ராபின்ஸ், டான் லாரியா என்னும் நண்பருடன் அதே சுவரில் ஏறத் தொடங்கினார். கையில் உளி இருந்தது. ஹார்டிங் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிந்து, அந்த வழியையே அழித்துவிடுவது அவர் நோக்கம். முதல் சில கட்டங்களில் அவ்வாறே செய்தார். பாறையில் ஓர் இரவைக் கழித்தார். அதன்பின் உளியை உள்ளே வைத்துவிட்டார். எஞ்சிய ஆணிகளைத் தொடாமல் உச்சிவரை ஏறினார்.

ஏன் நிறுத்தினார்? அவர் எதிர்பார்த்ததைவிட அவ்வழி கடினமாக இருந்தது. ஆணிகளுக்கு இடையே ஹார்டிங்கும் கால்டுவெல்லும் வெறும் துளையிடும் கூலிகளாக இல்லை; அஞ்சத்தக்க இடங்களில் துணிவோடும் திறமையோடும் ஏறியிருந்தனர். தரையில் நின்று பார்த்தவருக்கு ஆணிகளின் எண்ணிக்கை மட்டுமே தெரிந்தது. அதே வழியில் தம் உடலை வருத்தி ஏறியவருக்கு, ஆணிகளுக்கு இடையே இருந்த மனிதர்களும் தெரிந்தனர்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், தற்காப்பைப் பற்றிப் புனித தாமஸ் அக்குவினாஸ் கூறியதை நாம் கற்றோம். தன்னைத் தாக்க வருபவரைத் தடுத்துத் தன் உயிரைக் காத்துக்கொள்வது ஒருவருக்கு உரிய செயல். ஆயின் தேவைக்கு மிஞ்சிய வன்முறையைப் பயன்படுத்துவாராயின் அதுவே குற்றமாகிவிடும் என்பது அவர் கொண்ட முடிபு. நோக்கம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அன்று அதனைத் தேர்வுக்காகப் படித்தோம். இன்று இந்தப் பாறை வழக்கை எண்ணும்போது அதன் பொருள் சற்றே விளங்குகிறது.

ஆணியும் ஒரு தற்காப்பே. விழுந்தால் சாவு என்னும் நிலையில் ஒருவர் ஆணி அடிப்பதை எவர் குறை கூறுவார்? மனைவி மக்களை உடையவர், தம் உயிரை ஒரு கொள்கைக்காகப் பணயம் வைக்கவேண்டும் என்று எவர் கட்டளையிட முடியும்? ஆனால் அச்சத்திற்கு எல்லை இல்லை. முதல் ஆணி உயிருக்காக. பத்தாவது ஆணி வசதிக்காக. நூறாவது ஆணி வெற்றிக்காக. எந்த ஆணியில் தேவை முடிந்து பேராசை தொடங்கிற்று என்பதைப் பாறை சொல்லாது. அடித்தவரின் மனச்சான்று ஒன்றே சொல்ல இயலும்.

இதுவரை ராபின்ஸின் பக்கமே நியாயம் எனத் தோன்றலாம். ஆனால் அவரும் ஒரு தற்காப்பில்தான் இறங்கியிருந்தார். தம்மையன்று, பாறையைக் காக்கப் புறப்பட்டார். ஆகவே அளவு என்னும் சட்டம் அவருக்கும் உரியது. பிறர் செய்த தவற்றைத் திருத்த உளி எடுப்பவர், தவறு செய்தவரைவிடக் கூடுதலாகத் தம்மைச் சோதித்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். ராபின்ஸின் பெருமை, அவர் 13 ஆணிகளோடு ஏறியதில் மட்டும் இல்லை. தொடங்கிய தீர்ப்பைப் பாதியில் நிறுத்தத் துணிந்ததிலும் உண்டு. தொடங்கிவிட்டோமே என்பதற்காகவே முடித்துத் தீர்த்த கண்டனங்கள் நம் இல்லங்களில் எத்தனை!

இவ்வழக்கிற்கு மற்றொரு முகமும் உண்டு. தென் அமெரிக்காவின் பத்தகோனியா பகுதியில் செர்ரோ தோர்ரே என்னும் சிகரம் உள்ளது. 1970-இல் இத்தாலியரான செசாரே மயேஸ்த்ரி, பெட்ரோலில் இயங்கும் காற்றழுத்த இயந்திரம் ஒன்றை அச்சிகரத்தின்மேல் ஏற்றிச் சென்று, அதன் துணையால் ஏறக்குறைய 400 ஆணிகளை அடித்தார். 2012-ஆம் ஆண்டு சனவரியில், ஹேடன் கென்னடி, ஜேசன் குருக் என்னும் இரு இளைஞர்கள் அவ்வாணிகளில் பெரும்பாலானவற்றை நாடாமல் ஏறி, இறங்கும்போது 100-க்கும் மேற்பட்டவற்றைப் பிடுங்கி எறிந்தனர். அடிவாரத்து ஊரில் சினம் மூண்டது. காவலர் அவர்களைப் பிடித்து விசாரித்தனர். அந்த ஆணிகள் இருக்கட்டும் என்று 2007-இலேயே அவ்வூரில் கூடிய ஏறுநரில் பெரும்பான்மையோர் கருத்துத் தெரிவித்திருந்தனர். ஆயினும் சில நாள்களுக்குள் தாவீது லாமா என்னும் ஆஸ்திரிய இளைஞர், ஆணியைப் பற்றித் தொங்காமல் தம் கைகால்களின் வலிமையாலேயே அப்பகுதியில் ஏறிக் காட்டினார். அப்படியாயின் பிடுங்கியவர்கள் செய்தது சரிதானே?

இங்கே நமக்குத் தயக்கம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அந்த ஆணிகள் தேவையற்றவை என்பது மெய்யாயிற்று. ஆனால் உண்மை தம் பக்கம் இருப்பதால், பிறரைக் கேளாமலே செய்துவிடும் உரிமையும் தம்முடையது என்று கொள்ளலாகுமா? சகோதரனைத் திருத்துவது நம் கடமை. முதலில் தனியே பேசுவது அதன் ஒழுங்கு. பேச்சு பயன்படாதபோது என்ன செய்வது என்னும் இடத்தில், நல்லோரும் இரு பக்கமாக நிற்கின்றனர். நாமும் முடிவு சொல்லத் துணியவில்லை.

தவற்றைத் திருத்துவதற்கு வேறொரு வழியும் உண்டு. அது தம்மிடமிருந்தே தொடங்குவது. இவோன் சுய்னார் என்பவர் கொல்லர் தொழிலைத் தாமே கற்று, பாறைப் பிளவில் அறையும் இரும்பு ஆப்புகளைச் செய்து விற்றவர். அவ்விற்பனையே அவர் தொழிலின் பெரும்பகுதி. அதே ஆப்புகளை அறைந்து அறைந்து, பிடுங்கிப் பிடுங்கி, யோசெமிட்டிப் பாறைகளின் பிளவுகள் சிதைந்து போயிருப்பதை அவர் கண்டார். 1972-இல் தம் நிறுவனத்தின் விலைப்பட்டியலிலேயே, ஆப்பு அறைதலைக் கைவிடுமாறு வேண்டும் கட்டுரையை வெளியிட்டார். சுத்தியல் இன்றி விரலால் பிளவில் செருகி எடுக்கத்தக்க அலுமினியக் கட்டைகளை அதற்கு மாற்றாக அளித்தார். பிறர் அடித்த ஆணியைப் பிடுங்குவது எளிது. தம் வருவாய் தொங்கும் ஆணியைத் தாமே பிடுங்குவது அரிது.

இவ்வளவு நுண்மையான மனச்சான்று வளர்ந்த அதே பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லாமல் விட இயலவில்லை. ஏறுநர் கூடாரம் அடித்துத் தங்கும் திடலுக்கு 'நான்காம் முகாம்' என்று பெயர். அதற்கு அடுத்தாற்போல், மேற்கே, அப்பள்ளத்தாக்கின் பூர்வ குடிகளுக்கென 1930-களில் கட்டப்பட்ட சிறு குடியிருப்பு ஒன்று இருந்தது. அவர்களுடைய முன்னோர் 1851-இல் படை கொண்டு துரத்தப்பட்டவர்கள். பூங்காவில் நிலையான அரசு வேலையில் இருப்போரும் அவர்தம் குடும்பத்தாரும் மட்டுமே அங்குக் குடியிருக்கலாம் என 1953-இல் விதி வந்தது. வேலை போனால் வீடும் போகும். ஒவ்வொரு வீடாகக் காலியாயிற்று. 1969-க்குள் அக்குடியிருப்பு இல்லாமலே போயிற்று. ஹார்டிங் 'அதிகாலை ஒளிச் சுவரில்' ஏறியது அதற்கு அடுத்த ஆண்டு!

1997-இல் பெருவெள்ளம் வந்தபின், நான்காம் முகாமின் அருகே புதிய கட்டடங்கள் எழுப்பத் திட்டமிடப்பட்டது. ஏறுநர் திரண்டு வழக்காடினர். 1961-இல் ராபின்ஸுடன் ஏறிய டாம் புரோஸ்ட் அதில் முன்நின்றார். 2003-இல் அம்முகாம் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பூர்வ குடிகள் தம் பழைய குடியிருப்பின் இடத்தில் மீண்டும் கட்டிக்கொள்ள வழிவகுக்கும் உடன்படிக்கையோ 2018-இல்தான் கையெழுத்தாயிற்று. ஏறுநரைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. வீடுகளை இடித்தவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் விரல் நுழையாத துளைக்காகப் பல்லாண்டு வாதிடும் மனச்சான்றுக்கும், அருகே ஒரு வீடு மறைவது காணாமற் போகலாம் என்பது நம்மை அச்சுறுத்துகிறது. நாம் எதனைக் கூர்ந்து பார்க்கிறோமோ, அதன் நிழலில் வேறொன்று மறைந்துகொள்கிறது.

இன்று அந்நாட்டில் இது சட்டம் வரை சென்றுவிட்டது. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் ஆணிகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என 2023-இல் அரசுத் துறைகள் முன்மொழிந்தன, எதிர்ப்பு எழுந்தது, 2025 சனவரியில் ஏறுநருக்கு ஆதரவான புதிய சட்டம் கையெழுத்தாயிற்று. சட்டம் அனுமதியைத் தரலாம். எத்தனை ஆணி போதும் என்பதை அது சொல்லாது.

மீண்டும் அந்த வாடகை வீட்டை எண்ணிப் பார்க்கிறோம். 'சுவர் என்னுடையது' என்று வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தம் சுவரைக் காக்கும் தற்காப்பில், நான்கு துளைக்கு எவ்வளவு பிடித்தம் செய்யலாம் என்னும் அளவை அவரும் தம்மையே கேட்க வேண்டியவர். குடியிருப்பவரும், தமக்குப் பின் அங்கு வாழ வரும் குடும்பத்தை எண்ணிக் கையை அடக்க வேண்டியவர். அப்படிப் பார்த்தால் இவ்வுலகில் வீட்டுக்காரர் என்று எவரும் இல்லை. யாவரும் வாடகைக்கு வந்தவர்களே. நமக்குப் பின்னும் ஒருவர் குடிவர இருக்கிறார்.

அன்று மந்திரிப்பு முடிந்து புறப்படும்போது, அந்த வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டறிந்தோம். பக்கத்துத் தெருவில் இருந்தார். போய்ப் பேசினோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஓர் ஆணி அடித்துக்கொள்ளட்டும், சாமி" என்றார். ஒன்று போதுமானதாக இருந்தது.