வினையும் நோயும்

உடலைப் பற்றும் நோய் பிராரத்த வினையின் பயன் என்பது நம் சித்தாந்தத் துணிபு. அதனைக் கொண்டு, "அவன் வினையை அவன் நுகர்கின்றான், நாம் செய்யக் கிடந்தது யாது?" என்று அயலார் வாளாவிருத்தல் முறையாகுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அம்பத்தூரில் யான் வாழும் தெருவில், ஓரறையில் ஐவராய்த் தங்கித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞருள் ஒருவர்க்குக் காசநோய் கண்டது. மருந்து அரசினரால் விலையின்றிக் கிடைத்தது. எனினும், வீட்டுக்காரர் அறியின் வெளியேற்றுவரென அஞ்சி அதனை மறைத்து உண்டார், அச்சம் மிகவே இடையில் நிறுத்தினார், நோய் முற்றியது. அவர் இருமல் என் திண்ணைக்குக் கேட்கும். ஒருநாளும் யான் வினவினேனல்லேன். அவரை வருத்தியது நோய் மட்டுமோ? ஊரார் கண்ணும் அன்றோ?

நிற்க. 1956-இல் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 193 நோயாளரை இருகூறாக்கி, ஒரு கூற்றாரை மருத்துவமனையிலும், மற்றையோரை அவர்தம் வறிய இல்லங்களிலும் வைத்து ஓராண்டு மருந்தளித்தனர். நல்லுணவும் ஓய்வும் மருத்துவமனையிலிருந்தார்க்கே மிகுதி. ஆயினும் இருதிறத்தாரும் ஏறக்குறைய ஒப்பவே நலம் பெற்றமை 1959-இல் வெளியாயிற்று. நோயாளர் இல்லத்திலிருந்தமையால் உடனுறைந்தார்க்கு மிகுதியான தீங்கும் நேர்ந்திலது. ஆதலின் ஒதுக்கிவைத்தல் மருந்தன்று. மருந்தைத் தவறாது உண்ணத் துணைநிற்றலே வேண்டுவது.

நோய் வாராமற் காப்பதிலும் ஊரார்க்குப் பங்குண்டு. ஜார்க்கண்டில் காசநோயாளரின் குடும்பத்தார்க்குக் கூடுதலாக உணவுப்பொருள் வழங்கிச் செய்த ஆராய்ச்சி 2023-இல் வெளிவந்தது. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் புதிதாய் நோயுற்றார் தொகை நூற்றுக்கு நாற்பதளவு குறைந்திருந்தது. பசி நோய் புகும் வாயில். சோறு அவ்வாயிலை அடைக்கும் கதவு.

இவை வினைக்கொள்கைக்கு மாறோ எனின், அன்று. நோயாளர் நுகர்வது அவர் பிராரத்தம். கண்டும் நாம் முகந்திருப்புவது நம் ஆகாமியம். பிறர் கணக்கை எண்ணுவார், தம் கணக்கில் ஏறுவதை எண்ணுகிலர். மேலும், நோய் வருதல் வினைவழி எனின், மருந்தும் அன்பும் வருதலும் அவ்வழியே. அவற்றைத் தடுக்க நாம் யார்?

கொடிமாடச்செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோது, அஃது அந்நிலத்தின் இயல்பென்று ஆளுடைய பிள்ளையார் அமைந்துவிட்டாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளினார். அந்நாடு முழுதுமே பிணி நீங்கிற்றெனப் பெரியபுராணம் கூறும்.

அன்பர்காள்! நும் தெருவில் இருமுவார் ஒருவர் உளரேல் கதவடையாதீர், "மருந்து உண்டீரோ?" என வினவுமின். திருக்கோயில் அன்னத்தில் ஒரு பங்கு அவர் இல்லம் செல்க. யான் செய்யத் தவறியது அதுவே. அதுவும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.