உண்மை எவர் உடைமை?

உள்ளத்தில் ஒன்று, உதட்டில் ஒன்று என வாழ்வோரை நாம் பழிக்கிறோம். பழிக்கத்தான் வேண்டும். ஆனால், உண்மையைச் சொன்னால் வேலை போகும், குடியிருக்கும் வீடு போகும், பெற்றவர் பாசமும் போகும் என்ற நிலையில் ஒருவன் வாய்மூடிக் கிடந்தால், அவனும் பொய்யன்தானா? வாயைக் கட்டிய சமுதாயத்தை விட்டுவிட்டு, வாய் கட்டப்பட்டவனைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நீதி? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வாலேயே விடை தேடியவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஹார்வி மில்க் என்பது அவர் பெயர்.

1930இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர் அவர். கடற்படையில் பணியாற்றினார், பள்ளியில் பாடம் நடத்தினார், பங்குச் சந்தை நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஆடவராகிய அவர் உள்ளம் நாடியது ஆடவரையே. தன்பால் விருப்புடையோர் என்று இன்று நாம் சொல்லும் மக்களில் ஒருவர். அந்த உண்மையை ஆண்டுக்கணக்கில் நெஞ்சுக்குள் பூட்டி வைத்தே வாழ்ந்தார். 1972இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடியேறி, கேஸ்ட்ரோ தெருவில் புகைப்படக் கருவிக் கடை நடத்தத் தொடங்கிய பிறகோ, தம்மை மறைக்காமல் தேர்தலிலேயே நின்றார். 1973இல் தோல்வி. 1975இல் தோல்வி. 1976இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று மீண்டும் தோல்வி. நகரம் முழுவதற்கும் பொதுவாக வாக்களிக்கும் முறை மாறி, வட்டாரந்தோறும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்த 1977இல் வென்றார். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரமன்றத்துக்கு 1974இலேயே இவ்வாறு வெளிப்படையாக நின்று வென்ற காத்தி கோசாசென்கோ என்ற பெண்மணி அவருக்கு முன்னோடி. கலிபோர்னியாவில் முதல்வர் மில்க்.

வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பால் விருப்புடையோரை ஒதுக்கக் கூடாது என்ற நகரச் சட்டம், 1978இல் பத்துப் பேர் ஆதரிக்க நிறைவேறிற்று. எதிர்த்தவர் டான் வைட் என்ற ஒரே உறுப்பினர். தெருவில் நாய் போடும் கழிவை அதை வளர்ப்பவரே அகற்ற வேண்டும் என்ற சட்டத்துக்கும் மில்க் பாடுபட்டார். தம்மவருக்கு மட்டுமா அவர் உறுப்பினர்? ஊருக்கே உறுப்பினர்!

அதே ஆண்டு, ஜான் பிரிக்ஸ் என்ற மாநில மேலவை உறுப்பினர், தன்பால் விருப்புடைய ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்யும் திட்டத்தை மக்கள் வாக்குக்குக் கொண்டுவந்தார். கரும்பலகை முன் நின்று பிழைக்கும் நாம் கேட்கிறோம்: ஆசிரியரின் அன்பு எவரை நாடுகிறது என்பதால் வாய்பாடு மாறிவிடுமா? வரலாற்றில் ஆண்டுகள் இடம் மாறிவிடுமா? மில்க் ஊர் ஊராகச் சென்று பிரிக்சுடன் வாதிட்டார். தம் மக்களிடம் அவர் வேண்டியது ஒன்றே: பெற்றோரிடம் சொல்லுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள், உடன் வேலை செய்வோரிடம் சொல்லுங்கள். முகம் தெரியாதவனை வெறுப்பது எளிது. நம் வீட்டுப் பிள்ளைதான், நமக்கு நாள்தோறும் பொருள் விற்கும் கடைக்காரர்தான் என்று தெரிந்தபின் வெறுப்பது அவ்வளவு எளிதன்று. நவம்பர் 7ஆம் நாள் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேர் அந்தத் திட்டத்தைத் தோற்கடித்தனர்.

அப்படியானால் வெளிப்படுதல் எல்லோர்க்கும் கடமையா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 1975இல் அதே நகரில் அமெரிக்கத் தலைவர் ஃபோர்டைச் சுட முயன்றவளின் கையைப் பற்றித் தடுத்தார் ஒரு முன்னாள் படைவீரர். அவரும் தன்பால் விருப்புடையவரே; தம் குடும்பத்துக்கு அதைச் சொல்லாதவர். நம்மவரிலும் வீரர் உண்டு என்று உலகம் அறியட்டும் என எண்ணி, மில்க் அதைப் பத்திரிகையாளரிடம் சொன்னார். செய்தி அச்சேறிற்று. தாய் மகனோடு உறவை முறித்துக்கொண்டார்.

நோக்கம் நல்லதுதான். ஒருவன் மௌனம் ஊரார் அறியாமைக்கு உரமாகிறது என்ற வாதத்திலும் வலுவில்லாமல் இல்லை. ஆயினும் விலை கொடுத்தவர் யார்? சொன்னவர் அல்லர், சொல்லப்பட்டவர். தன் உண்மையைத் தானே சொல்வது வீரம். பிறன் உண்மையை அவன் இசைவின்றி எடுத்துச் சொல்வது, எத்துணை உயர்ந்த கொள்கைக்காக ஆனாலும், பறிமுதல். கொள்கைக்காகத் தன்னைத் தரலாம். பிறரைத் தர நமக்கு உரிமை இல்லை. மில்க்கைப் போற்றுகிறோம் என்பதற்காக இதை மறைத்தால், அது வழிபாடாகும், பகுத்தறிவாகாது.

தம்மைத் தருவதில் அவர் தயங்கவே இல்லை. தாம் கொல்லப்படக்கூடும் என்று எண்ணி, 1977இலேயே தம் இறுதிச் சொற்களை ஒலிநாடாவில் பதித்து வைத்தார். 1978 நவம்பர் 27இல், உறுப்பினர் பதவியைத் துறந்துவிட்டு, திரும்பக் கேட்டும் கிடைக்காத டான் வைட், நகர மண்டபத்திலேயே மேயர் மாஸ்கோனியையும் மில்க்கையும் சுட்டுக் கொன்றார். அன்று மாலை ஆயிரமாயிரம் பேர் மெழுகுவத்தி ஏந்தி அமைதியாக நடந்தனர். மறு ஆண்டு நீதிமன்றம் அதைத் திட்டமிட்ட கொலையன்று எனக் கருதி, ஏழு ஆண்டு எட்டு மாதத் தண்டனையே விதித்தது. 2009இல் நாட்டின் உயரிய விருது மில்க் பெயருக்கு வழங்கப்பட்டது.

தோழர்களே! மறைந்து வாழ்பவனைப் பார்த்து, 'ஏன் சொல்லவில்லை?' என்று கேட்குமுன், சொன்னால் அவனுக்கு நாம் என்ன செய்வோம் என்று நம்மையே கேட்போம். வேலையும் வீடும் தாயின் மடியும் பறிபோகா என்ற உறுதியை அவனுக்குத் தருவது நம் கடமை. சொல்வதா, வேண்டாவா என்பது அவன் உரிமை.