எட்டும் இடமும் தொடும் உரிமையும்

நம் சமையலறைகளில் நாள்தோறும் நறுக்கப்படும் தக்காளியின் மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 90 கோடி எழுத்துகள் அடங்கியுள்ளன. இந்தியா உட்பட 14 நாடுகளின் அறிவியலார் கூடி உழைத்து, 2012-ஆம் ஆண்டில் அவற்றைப் படித்து வெளியிட்டனர். அதே ஆண்டில்தான் கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரிக்கோலும் அறிவிக்கப்பட்டது. ஏட்டைப் படித்து முடித்த கையோடு, அதைத் திருத்தும் எழுத்தாணியும் மனிதனுக்குக் கிடைத்துவிட்டது.

இக்கத்தரிக்கோல் கண்ட இடத்தில் வெட்டுவதில்லை. அதனுடன் செல்லும் வழிகாட்டி 20 எழுத்துகளை அடையாளங்கண்டு பற்ற வேண்டும். அவற்றையடுத்து ஏதேனும் ஓர் எழுத்தும், பின்னர் இரண்டு ‘ஜி’ எழுத்துகளும் நிற்க வேண்டும். கணினியைக் கொண்டு தொகுதி முழுவதும் தேடினால் இத்தகைய இடங்கள் கோடிக்கணக்கில் அகப்படுகின்றன. ஆயினும் அவற்றை விலக்குவதே பெரும்பணி. குறித்த இடத்தைப் போன்றே வேறோரிடத்திலும் எழுத்துகள் அமைந்திருப்பின், கத்தரி அங்கும் வெட்டிவிடக்கூடும். ஆகவே ஒன்றிரண்டு எழுத்துகளே வேறுபடும் இடங்களையும் துருவி ஆராய்ந்து, ஐயத்திற்குரியவற்றைத் தள்ளிவிடுகின்றனர். தவறு நேரக்கூடிய இடங்களைச் செயலுக்கு முன்னரே எண்ணிப் பார்க்கும் இவ்வொழுக்கத்தை, ஆன்ம சோதனைக்குப் பழகிய நாம் மதிக்கவே வேண்டும். (நாமோ பெரும்பாலும் செயலுக்குப் பின்னரே ஆராய்கிறோம்!)

ஆனால், எங்கே வெட்ட இயலும் என்று கூறும் பட்டியல், வெட்டுவது தகுமா என்று கூறுவதில்லை. ஒரு மரபணுவின் கடைப்பகுதியை நீக்கி, காபா என்னும் பொருளை மிகுதியாகத் தரும் தக்காளி 2021-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வேற்றுயிரின் மரபணு எதுவும் அதில் எஞ்சவில்லை. அதைத் தீதென்று ஒரே சொல்லில் ஒதுக்க நம்மால் இயலவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ திருமடலும் அவ்வாறு ஒதுக்கவில்லை. மரபணு மாற்றம் பற்றிப் பொதுத்தீர்ப்பு வழங்குதல் கடினம் என்றே அது ஒப்புக்கொள்கிறது. எனினும், விளைநிலம் ஒருசிலர் கையில் குவிவதையும் சிறு உழவர் மறைந்துபோவதையும் அது கவலையோடு சுட்டுகிறது.

இக்கவலை பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. 2012-இல் படிக்கப்பட்டது ‘ஹைன்ஸ் 1706’ என்னும் ஒரே ஒரு வகை. ஆலைகளில் பதப்படுத்துவதற்கு ஏற்ற தக்காளி அது. நம் உழவர் விதையெடுத்துக் காத்துவரும் நாட்டுத் தக்காளியில் எழுத்துகள் சில வேறாக இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் வழிகாட்டி தடுமாறக்கூடும் என்பதால், அதற்கெனப் புதிதாகப் படித்து, புதிதாகத் தேட வேண்டும். அச்செலவை யார் ஏற்பர்? ஏற்பவர், அடுத்த பருவத்திற்கு விதையெடுத்து வைக்க அவ்வுழவரை அனுமதிப்பாரா?