தையலும் தனயனும் – ஓர் அறவியல் நோக்கு

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கின்றனர் என்பதைக் காட்டிலும், எதைக் கற்பியாது விடுகின்றனர் என்பதே ஒரு சமுதாயத்தின் விழுமியங்களைத் தெளிவாகக் காட்டும். பெண் பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகும்போது ஊசியும் நூலும் எவ்வித ஆராய்வுமின்றி அவள் கைக்கு வந்துவிடுகின்றன. அதே வீட்டில் வளரும் பதினைந்து வயது மகனோ, மேற்சட்டையின் தெறி அறுந்தால் அதனைத் தாயிடமோ சகோதரியிடமோ நீட்டுகின்றான். நீட்டும்படி அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. நீட்டலாகாது என்றும் எவரும் கற்பிக்கவில்லை. இத்தகைய மகனுக்குத் தைக்கக் கற்பித்தல் பெற்றோரின் கடமையா, அவர்தம் விருப்பத்தைப் பொறுத்ததா, அன்றி வேண்டாத வேலையா? வினா சிறிதாகத் தோன்றினும், உழைப்பு, நீதி, அன்பு என்னும் மூன்றும் இதனுள் அடங்கியுள்ளன.

இதற்கு எதிராக முதலில் எழுப்பப்படுவது இயற்கை பற்றிய வாதமாகும். 1762 இல் வெளிவந்த ‘எமில்’ என்னும் நூலில் ரூசோ, சமுதாயத்தில் வாழும் ஒவ்வொருவனும் உழைத்தல் கடமையென வற்புறுத்தித் தம் மாணவனுக்குத் தச்சுத் தொழிலைத் தேர்ந்தார். ஆயின் அதே நூலில், ஊசியும் வாளும் ஒரே கைக்கு உரியனவல்ல என்றும், தையல் பெண்களுக்கே பொருந்துவது என்றும் அவர் கருதினார். உழைப்பின் மேன்மையை எடுத்துரைத்த சிந்தனையாளரே உழைப்பைப் பாலின அடிப்படையிற் கூறுபோட்டமை கவனிக்கத்தக்கது.

இவ்வாதத்துக்கான மறுப்பு ரூசோவுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிளேற்றோவின் ‘குடியரசு’ ஐந்தாம் நூலிற் கூறப்பட்டுவிட்டது. வழுக்கைத் தலையரும் முடியுடையோரும் இயற்கையால் வேறுபட்டவர்கள். அதனால், வழுக்கைத் தலையர் செருப்புத் தைப்பாராயின் முடியுடையோர் அதனைச் செய்யலாகாது எனத் தடுக்கலாமா? இருவருக்கிடையே வேறுபாடு உண்டு என்பது மட்டும் போதாது; அவ்வேறுபாடு குறித்த தொழிலோடு தொடர்புடையதாதல் வேண்டும் என்பதே அங்கு நிறுவப்படும் உண்மை. துணியின் விளிம்பை மடித்து நேராக ஊசியோட்டுவதற்குக் கண்ணும் விரலும் பொறுமையும் தேவை. இவற்றுள் எதுவும் ஒரு பாலாருக்கு மட்டும் உரியதன்று.

வரலாறும் இதனையே காட்டும். தமிழிலே ‘தையல்’ என்னும் சொல் தைத்தற் றொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். இவ்வொற்றுமையை அறவிதியாகக் கொள்வார்க்குச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை விடை கூறும். புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்துமிடத்து அது துன்னகாரர் எனத் தையற்றொழிலாளரையும் எண்ணுகின்றது. பிரான்சிலே தையல் இயந்திரமொன்றுக்கு 1830 இல் உரிமம் பெற்ற தீமொனியே ஒரு தையற்காரர். தம் பிழைப்புப் பறிபோகும் என அஞ்சி அவருடைய பாரிஸ் தொழிலகத்து இயந்திரங்களை உடைத்தோரும் தையற்காரரே. நம் நாட்டுக் கடைத்தெருக்களில் அளவெடுத்துக் காற்சட்டை தைப்போர் பெரும்பாலும் ஆண்களே. 1978 இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளிலோ, கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களே பெருந்தொகையினராய் இயந்திரங்களின் முன் அமர்ந்தனர். கடையில் ஆண், தொழிற்சாலையிற் பெண், வீட்டிலே கூலியின்றித் தைப்பவளும் பெண். ஊசியைப் பிடிப்பவர் யார் என்பதை விரலின் அமைப்புத் தீர்மானிக்கவில்லை. கூலியும் இடமுமே தீர்மானித்துள்ளன என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது எதிர்வாதம் இதனினும் வலியது. அது வெறுப்பினின்றன்றி அன்பினின்று பிறப்பது. 2009 இல் யுத்தம் முடிவுற்ற பின்னர், வடக்குக் கிழக்கிற் குடும்பத் தலைமையை ஏற்க நேர்ந்த பெண்கள் பலருக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது தையல் இயந்திரமே. இரவு விளக்கின் கீழ் அயலாரின் உடைகளைத் தைத்து மகனைப் படிப்பிக்கும் தாயொருத்தி, “என் முதுகு வளைந்தது போதும்; அவன் படிக்கட்டும்” எனக் கூறுவாளாயின், அதனைப் பிற்போக்கென ஒதுக்குதல் இரக்கமற்ற செயலாகும். அவள் மறுப்பது ஊசியையன்று. வறுமை தன்னை ஊசியோடு பிணைத்த பிணைப்பையே.

எனினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பிழைப்புக்காகத் தைக்கும் நிலைக்குத் தள்ளப்படுதல் வேறு. தன் உடையைத் தானே செப்பனிட அறிதல் வேறு. முன்னையதிலிருந்து மகனைக் காக்க விரும்பும் தாய், பின்னையதையும் மறுக்கும்போது, தான் கருதாத வேறொரு பாடத்தை அவனுக்குப் புகட்டிவிடுகின்றாள். தாய் செய்யும் வேலை தப்பியோட வேண்டிய வேலை, கற்றவன் தொடத் தகாத வேலை என்பதே அப்பாடம். தன்னை வளர்த்த உழைப்பை இழிவெனக் கருதும் மகன், நாளடைவில் உழைத்தவளையும் அவ்வாறே கருதத் தலைப்படலாம்.

படிப்புக்கு நேரம் போதாது என்பாரும் உளர். தெறியொன்று தைக்கப் பத்து நிமிடம் போதும். விளிம்பு மடித்துத் தைக்கச் சில மாலைப் பொழுதுகளிற் பழகலாம். அன்றியும், மகன் எழுதும் அதே சாதாரண தரப் பரீட்சையையே அவன் சகோதரியும் எழுதுகின்றாள். வினாத்தாள் ஒன்றே, புள்ளியிடும் முறையும் ஒன்றே. அவளுக்கு இருக்கும் நேரம் இவனுக்கு இல்லையென்றால், அவளுடைய நேரம் இவனுக்கு வழங்கப்பட்டுள்ளது என்பதே பொருள். அரசின் இலவசச் சீருடைத் திட்டத்தின் கீழ்ப் பெரும்பாலான ஆண்டுகளில் மாணவர் பெற்றது துணியேயன்றித் தைத்த உடையன்று. அத்துணி உடையாவதற்கு எவரேனும் ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டே ஆகவேண்டும். அந்த ஒருவர் எப்பொழுதும் ஒரே ஆளாயிருத்தல் நீதியாகுமா?

ஆயத்த ஆடைகள் மலிந்த காலத்தில் இத்திறன் எதற்கு எனக் கேட்கலாம். பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளின் இவ்வினாவுக்கு விடை கூறுதல் அரிது. ஆயின் தையல் கற்பிப்பது பயனை மட்டுமன்று. தெறியைத் துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்தால் அது துளையுட் புகாது. சற்றுத் தளர்த்தித் தைத்து, அடியில் நூலைச் சுற்றி, மறுபுறத் துணியின் கனத்துக்கு இடம் விடல் வேண்டும். கோணிய தையல் வாதத்தால் நேராகாது. பிரித்து மீளத் தைத்தால் மட்டுமே நேராகும். கட்டடம் கட்டுவதாலேயே ஒருவன் கட்டுநனாகின்றான். அவ்வாறே நீதியானவற்றைச் செய்வதாலேயே நீதிமானாகின்றான் என அரிஸ்டோட்டில் கருதினார். தன் பிழையைத் தானே பிரித்துத் திருத்தும் பழக்கம், சொல்லால் மட்டும் வளரும் கல்வி எளிதில் தராத ஒன்றாகும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திறன் வேறு, அறம் வேறு. அழகாகத் தைக்கக் கற்ற மகன், அதன் பின்னரும் தன் கிழிந்த சட்டையைச் சகோதரியிடமே நீட்டலாம். ஒரு தெறி தைத்தமைக்காக அவன் உற்றார் முன்னிலையிற் புகழப்படுவதும், ஆண்டுக்கணக்கிற் தைத்துவரும் அவள் ஒரு சொல்லும் பெறாதிருப்பதும் வீடுகளில் நிகழக்கூடியனவே. அப்புகழ்ச்சி, இவ்வேலை உண்மையில் அவனுடையதன்று, அவன் செய்தது சலுகையே என்பதை மறைமுகமாக உறுதிப்படுத்துகின்றது. ஆதலின், தையல் அவனுக்குச் சாதனையாகவன்றி, பல் துலக்குவது போன்ற சாதாரணச் செயலாகவே கற்பிக்கப்படல் வேண்டும்.

கற்பிப்பவர் யார் என்பதும் முக்கியமானது. தந்தை செய்தித்தாள் வாசித்திருக்கத் தாய் மட்டுமே மகனுக்கு ஊசி பிடிக்கக் காட்டுவாளாயின், அவள் வேலைகளோடு மேலுமொரு வேலை சேருகின்றதேயன்றி வேறில்லை. தந்தையின் வாளாவிருத்தல் அவள் பாடத்தை மறுத்துக்கொண்டேயிருக்கும். பதின்ம வயதினன் தோழரின் ஏளனத்துக்கு அஞ்சுபவன். கட்டளையும் கண்டிப்பும் அவ்வச்சத்தைப் போக்கா. தந்தை தன் சாரத்தின் மூட்டுத் தையல் விட்டபோது தானே ஊசியெடுத்து அமர்வதைக் காணும் மகனுக்கு, நெடிய விளக்கங்கள் தேவைப்படா. பாடசாலைக்கும் இதிற் பங்குண்டு. எனினும் 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் புகுத்திய தொழில்முன்னிலைப் பாடங்கள் 1977 ஆட்சி மாற்றத்தின் பின்னர்க் கைவிடப்பட்டமை, வீடும் பெற்றோரும் ஏற்றுக்கொள்ளாத கைத்தொழிற் கல்வியைப் பாடத்திட்டத்தால் மட்டும் நிலைநிறுத்த முடியுமா என்னும் ஐயத்தை எழுப்புகின்றது.

ஆகவே, மகனுக்குத் தைக்கக் கற்பித்தல் பெற்றோரின் கடமையே எனல் பொருந்தும். அவன் தையற்காரனாக வேண்டும் என்பதற்காகவன்று. செலவு மிச்சமாகும் என்பதற்காகவும் அன்று. தான் உடுத்திருப்பதில் இன்னொருவரின் நேரமும் கண்பார்வையும் கலந்துள்ளன என்பதை அவன் தன் விரல்களாலேயே அறிதல் வேண்டும் என்பதற்காகவே. அக்கல்வி நிறைவெய்தியதா என்பதைத் தையலின் நேர்த்தியைக் கொண்டு அளத்தல் இயலாது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு, படித்துக்கொண்டிருக்கும் சகோதரியின் சீருடையில் மடிப்புத் தையல் விட்டிருப்பதைக் கண்டு, எவரும் ஏவாமலே அதனை எடுத்துத் தைத்து மீண்டும் கொடியில் இடுவானாயின், அக்கல்வி அவனிடம் சேர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.